படுக்கைப் புண்ணும் ஒரு தாதியும்



முதியோரைப் பேணுதல் பற்றிப் பேச வருவோர் பெரும்பாலும் பெற்றோரின் பெருமையிலே தொடங்குவர். நானோ ஒரு புண்ணிலே தொடங்க வேண்டியவனாயிருக்கிறேன். கேட்பதற்கு இனிய பொருள் அன்று. உணவு வேளையிலே வானொலிப் பெட்டியின் அருகில் இருப்போர் பொறுத்தருளல் வேண்டும். ஆயினும் அப்புண்ணைப் பற்றிப் பேசாது டொறீன் நோர்ட்டன் என்னும் தாதியைப் பற்றிப் பேசுதல் இயலாது.

மருதனார்மடத்திலே, காங்கேசன்துறை வீதியிலிருந்து உட்செல்லும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு இருக்கின்றது. 2013ஆம் ஆண்டு மார்கழி மழையிற் கிணற்றடி பாசி பிடித்துக் கிடந்தது. அங்கே 83 வயதான என் தாயார் சறுக்கி வீழ்ந்தார், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவருடைய இருதயம் சத்திரசிகிச்சையைத் தாங்காது என்று வைத்தியர்கள் கருதினர். நோவுக்கு மருந்து தந்து வீட்டில் வைத்துப் பராமரிக்கும்படி அனுப்பினர். தமையனார் ரொறன்ரோவில், தங்கை சூரிச் நகரில். வீட்டிலே நானும் என் மனைவியும், பகற்பொழுதுக்குச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்ட ஒரு பெண்ணுமாக மூவர் இருந்தோம். வெளிநாட்டிலிருந்து பணம் வந்தது. பவுடரும் களிம்பும் ஓடிக்கொலோன் போத்தல்களும் பொதி பொதியாக வந்தன. குறை ஒன்றும் இல்லை என்றே நம்பினோம்.

தாயாரை அசைத்தால் அவர் அலறுவார். அவ்வலறலைக் கேட்க எவருக்குத்தான் மனம் வரும்? ஆகவே அசையாது விட்டோம். நிமிர்ந்து கிடந்தவர் நிமிர்ந்தபடியே கிடந்தார். காலையும் மாலையும் எட்டிய இடமெல்லாம் ஓடிக்கொலோன் தடவினோம், பவுடர் தூவினோம். அதுவே அன்பு என்றும், அதுவே பராமரிப்பு என்றும் எண்ணியிருந்தோம். பதினொராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, படுக்கைத் துணி மாற்றும்பொழுது நாரிக்குக் கீழே, வாலெலும்பின் மேலே, ஒரு ரூபாய்க் குற்றியளவில் ஒரு கருமை தென்பட்டது. தழும்பென்று நினைத்தோம். ஒரு கிழமைக்குள் அது தோலுரிந்து, பின்னர் குழிந்து, உள்ளே விரல் நுழையத்தக்க புண்ணாகிவிட்டது. வீட்டிலே ஊதுவத்தி கொளுத்தியும் மாறாத ஒரு மணம் உண்டாயிற்று. என் தாயார் மிகுந்த துப்புரவுக்காரி. அந்த மணத்தைத் தாமே உணர்ந்து, பேரப்பிள்ளைகளைத் தம் அறைக்குள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அயலிலே ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருந்தார். எங்கள் ஊரார் அவரை இன்னமும் மிஸி என்றே அழைப்பர். என்னிலும் பதினைந்து வயது மூத்தவர். வந்து பார்த்தார். நான் மேசையிலிருந்த போத்தல்களை எல்லாம் வரிசையாகக் காட்டி, இது காலையிற் பூசுவது, இது இரவிற் பூசுவது என்று விளக்கத் தொடங்கினேன். அவர் இடைமறித்து, "தம்பி, என்ன பூசினனியள் எண்டு நான் கேக்கேல்லை. எப்ப கடைசியாத் திருப்பினனியள்?" என்றார்.

என்னிடம் விடை இல்லை. முப்பது ஆண்டு பிள்ளைகளிடம் வினாக் கேட்டுப் பழகிய நான் அன்று விடை தெரியாத பிள்ளையாக நின்றேன்.

அவர் ஒரு கொப்பி கேட்டார். மகளின் கணிதக் கொப்பியொன்றைக் கொடுத்தேன். அதிலே ஐந்து கட்டம் கீறினார். ஒவ்வொன்றிலும் 1 முதல் 4 வரை ஒரு புள்ளி இட்டார். கூட்டிப் பார்த்து, "பன்னிரண்டு" என்றார். பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாளைப்போலிருக்கின்றதே, இது என்ன கணக்கு என்று வினவினேன். "நோர்ட்டன்" என்று ஒரே சொல்லிற் கூறிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். நான் கலைப் பட்டதாரி. அதனை ஒரு மருந்தின் பெயரென்றே முதலில் நினைத்தேன். அது ஒரு பெண்ணின் பெயர் என்று அறிந்துகொள்ளச் சில நாட் சென்றது. அவரைத் தேடிப் படித்தறிந்தவற்றையே இப்பொழுது உங்களிடம் சொல்ல விழைகின்றேன்.

டொறீன் நோர்ட்டன் 1922இல் இங்கிலாந்திலே பிறந்தார், 2007இற் காலமானார். அவர் தாதித் தொழிலுக்கு வந்த காலத்தில், முதியோரைப் பராமரிக்கும் விடுதிகள் இங்கிலாந்து வைத்தியசாலைகளிலே கடைப்பட்ட இடங்களாயிருந்தன. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1834ஆம் ஆண்டு வறியோர் சட்டத்தின் கீழ் எழுந்த வறியோர் இல்லங்களிலே, வேலை செய்ய மாட்டாத கிழவரும் கிழவியரும் நீண்ட மண்டபங்களில் வரிசை வரிசையாகக் கிடத்தப்பட்டனர். அவர்களுக்கு நோய் இன்னதென்று ஆராய்வாரில்லை, எழுப்பி நடத்துவாருமில்லை. 1935ஆம் ஆண்டளவில் மார்ஜறி வாறன் என்னும் வைத்தியப் பெண்மணி, மேற்கு மிடில்செக்ஸ் வைத்தியசாலையோடு இணைக்கப்பட்ட இத்தகைய ஓர் இடத்தைப் பொறுப்பேற்றபோது, அங்கே 700க்கு மேற்பட்ட நோயாளர் கிடந்தனர். அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதித்தார், எழுந்திருக்கக்கூடியவரை எழுப்பினார், நடக்கக்கூடியவரை நடத்தினார், பலரை வீட்டுக்கே அனுப்பினார். முதியோர் மருத்துவம் என்னும் துறை இங்கிலாந்திலே வேரூன்றியது அப்பெண்மணியின் முயற்சியினால் என்பர்.

வைத்தியர் காலையில் ஒரு முறை வந்து பார்த்துச் செல்வார். எஞ்சிய பொழுதெல்லாம் படுக்கையருகே இருப்பவள் தாதி. அவளுடைய வேலையைப் பற்றி யாரேனும் ஆராய்ந்தனரா? கழுவுதல், துடைத்தல், ஊட்டுதல், மலசல சட்டி வைத்தல், துணி மாற்றுதல். இவை ஆராய்ச்சிக்குரியனவென்று எவரும் கருதவில்லை. கைப்பழக்கத்தால் வருவன என்றே விடப்பட்டன. இளந் தாதியர் சத்திரசிகிச்சை விடுதிக்குப் போகவே விரும்பினர். முதியோர் விடுதிக்கு அனுப்பப்பட்டவர் அதனைத் தண்டனையாக எண்ணினர். நோர்ட்டன் அந்த வேலையையே தமது வாழ்நாட் படிப்பாக எடுத்துக்கொண்டார். வீட்டிலே முதியோரைப் பார்த்துக்கொள்வது எங்ஙனம் என்பது பற்றி 1957இல் ஒரு சிறு நூல் எழுதினார். பின்னர் இலண்டன் விற்றிங்டன் வைத்தியசாலையின் முதியோர் பிரிவிலே, எக்ஸ்ரன்-ஸ்மித் என்னும் வைத்தியரோடும் றோடா மக்லாரன் என்பவரோடும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சியை நடத்தினார். அது 1962இல் நூலாக வெளிவந்தது. வைத்தியசாலையிலே முதியோரைப் பராமரிக்கும் தாதியர் எதிர்கொள்ளும் பிரச்சினைகள் யாவை என்பதே அந்நூலின் பொருள்.

அந்நூல் பலவற்றை ஆராய்ந்தது. கட்டில் எவ்வளவு உயரம், கதிரையில் இருந்து எழ முடிகின்றதா, உடை அணிய எளிதா என்பனவெல்லாம் அதில் வருவன. ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது படுக்கைப் புண்ணைப் பற்றி அது கூறிய பகுதியையே.

படுக்கைப் புண் எதனால் வருகின்றது என்பது பற்றி முன்னோரிடையே இரு வேறு கொள்கைகள் இருந்தன. பாரிஸ் நகரத்துச் சல்பெத்ரியேர் வைத்தியசாலையிலே பெரும் புகழோடு விளங்கிய நரம்பியல் வைத்தியர் ஷார்க்கோ, அது நரம்புக் கேட்டினால் உள்ளிருந்து எழுவது என்றார். சில நோயாளரில் அது தோன்றினால் மரணம் அணுகிவிட்டது என்பதற்கு அடையாளம் என்றும் கருதினார். அதே பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வாழ்ந்த புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரோ, அக்குற்றத்தை நோயின்மேற் சுமத்தாது பெரும்பாலும் பராமரிப்பின்மேலேயே சுமத்தினார். எங்கள் ஊரிலும் இவ்விரு கொள்கையாரும் உளர். என் தாயாருக்குப் புண் வந்ததை அறிந்து வந்த உறவினர் ஒருவர், "இனிக் கனநாள் இல்லை, பிள்ளைகளுக்கு அறிவியுங்கோ" என்று என் காதிற் சொல்லிவிட்டுப் போனார். அவர் ஷார்க்கோவைப் படித்தவரல்லர்.

வைத்தியசாலைகளிலோ கொள்கையை விட மருந்துகளே மிகுந்திருந்தன. ஒரு விடுதியிலே மெதிலேற்றட் ஸ்பிரிட்டால் முதுகைத் தேய்ப்பர். மற்றொன்றிலே சவர்க்காரமும் நீரும். வேறொன்றிலே ஆமணக்கெண்ணெய் சேர்ந்த துத்தநாகக் களிம்பு. முட்டை வெண்கருவைப் பூசியவரும் உண்டு. தலைமைத் தாதி மாறினால் மருந்தும் மாறும். தத்தம் மருந்தே சிறந்தது என்று ஒவ்வொருவரும் உறுதியாக நம்பினர்.

இவற்றுள் எது பயன்தருவது என்று அறிய நோர்ட்டன் விரும்பினார். இங்கேதான் அவருடைய அறிவின் கூர்மை வெளிப்படுகின்றது. ஒரு மருந்து பூசிய பத்துப் பேருக்குப் புண் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் நடமாடக்கூடியவராயின், மருந்து பூசாவிட்டாலும் புண் வந்திராது. ஆகலின் மருந்தை ஒப்பிடுமுன் மனிதரை ஒப்பிடல் வேண்டும். யாருக்குப் புண் வரக்கூடும், யாருக்கு வராது என்று முன்னரே வகுத்தற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அதற்காக அவர் அமைத்ததே அந்த ஐந்து கட்டக் கணக்கு. பின்னாளில் உலகெங்கும் படுக்கையருகே பயன்பட்ட அக்கருவி, முதலில் ஓர் ஆராய்ச்சியின் துணைக்கருவியாகவே பிறந்தது.

ஐந்து கட்டங்களையும் சொல்கின்றேன். கையில் பென்சில் உள்ளோர் குறித்துக்கொள்ளலாம். முதலாவது உடல்நிலை: நன்று, நடுத்தரம், மெலிவு, மிக மோசம். இரண்டாவது மனநிலை: தெளிவு, சோர்வு, குழப்பம், உணர்விழந்த மயக்கம். மூன்றாவது நடமாட்டம்: தானே நடப்பவர், துணையோடு நடப்பவர், கதிரையோடு இருப்பவர், படுக்கையோடு இருப்பவர். நான்காவது அசைவு, அதாவது படுத்த இடத்திலே தாமாகப் புரளவும் கைகாலை மாற்றி வைக்கவும் இயல்கின்றதா என்பது: முழுமையாக, சிறிது குறைவாக, மிகக் குறைவாக, அறவே இல்லை. ஐந்தாவது மலசலக் கட்டுப்பாடு: உண்டு, இடையிடையே தவறும், சலம் பெரும்பாலும் தவறும், இரண்டும் தவறும். ஒவ்வொன்றிலும் முதல் நிலைக்கு 4 புள்ளி; இறங்க இறங்க ஒவ்வொரு புள்ளி குறையும். முழுப் புள்ளி 20. மிகக் குறைந்தது 5. 14 அல்லது அதற்குக் கீழே பெற்றவர் ஆபத்தில் உள்ளவர். அனுபவம் முதிர்ந்தபின், 1980களிலே, அந்த எல்லையை 15 அல்லது 16 என உயர்த்துதல் நன்று என்று நோர்ட்டனே எழுதினார்.

என் தாயாரின் தாள் எப்படி இருந்தது? உடல்நிலை நடுத்தரம், 3. மனநிலை முழுத் தெளிவு, 4. அந்த நான்கைக் கண்டபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. நடந்தவற்றையெல்லாம் அவர் அறிந்தே கிடந்தார் என்பதல்லவா அதன் பொருள்? நடமாட்டம் 1. அசைவு 2. சலக் கட்டுப்பாடு 2. கூட்டினால் 12. அக்கணக்கை வீட்டுக்கு வந்த முதல்நாளே எவரேனும் போட்டிருந்தால், அந்தப் பன்னிரண்டு எங்களுக்கு மணியடித்திருக்கும்.

விற்றிங்டனிலே ஏறத்தாழ 250 முதிய நோயாளரைப் பார்த்ததில், ஏறத்தாழ நாலில் ஒருவருக்குப் புண் தோன்றியது. புள்ளி குறையக் குறையப் புண் தோன்றியோர் தொகை ஏறிக்கொண்டே சென்றது. அதனினும் முக்கியமான ஒன்றுண்டு. புண் வந்தோரிற் பெரும்பாலார்க்கு அது வைத்தியசாலைக்கு வந்த முதலிரு வாரத்துள்ளேயே வந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பதினொராம் நாளை நினைத்துப் பாருங்கள். நெடுங்காலம் கிடந்தவருக்கே புண் வரும் என்பது பொதுமக்கள் எண்ணம். உண்மையோ, கிடக்கத் தொடங்கிய நாட்களே கொடிய நாட்கள். அந்நாட்களில் வீட்டார் மருந்துக் கடைக்கும் வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் ஓடிக்கொண்டிருப்பர்.

பூச்சு மருந்துகள் எவ்வாறு தேறின? எம்மருந்தும் தன்னளவிற் புண்ணைத் தடுத்ததாகக் காணப்படவில்லை. பயன்தந்தது ஒழுங்காகத் திருப்பிக் கிடத்தியதே.

இதன் காரணம் விளங்குதற்கு மருத்துவக் கல்வி வேண்டியதில்லை. உங்கள் விரல் நகத்தைச் சற்று அழுத்திப் பாருங்கள்; வெளுக்கின்றது. விட்டால் மீண்டும் சிவக்கின்றது. அழுத்திய இடத்திலிருந்து இரத்தம் விலகி, விட்டதும் திரும்பி வருகின்றது. படுத்திருப்பவரின் எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே அகப்பட்ட சதையும் அவ்வாறே வெளுத்திருக்கின்றது. நாம் உறக்கத்திலும் புரண்டு புரண்டு படுப்பதால் இரத்தம் திரும்பிவிடுகின்றது. புரள மாட்டாதவருக்குத் திரும்புவதில்லை. சில மணி நேரத்தில் உள்ளேயுள்ள சதை மாண்டுபோகின்றது. வெளியே தோலிற் சிறு நிறமாற்றம் தெரியும்போது உள்ளே கேடு பெரிதாயிருத்தல் கூடும். வாலெலும்பு, இடுப்பின் பக்கங்கள், குதிக்கால், கணுக்கால், தோட்பட்டை, பின்றலை ஆகிய இடங்களே இதற்கு இலக்காகுவன. பாடநூல்கள் சிவந்த தோலைப் பார் என்று சொல்கின்றன. அந்நூல்கள் வெள்ளைத் தோலரை வைத்து எழுதப்பட்டவை. எம்மவர் தோலிலே சிவப்பு எளிதில் தெரியாது. கருமையோ ஊதா நிறமோ தோன்றும். தொட்டால் அயலைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ, கல்லித்தோ நொய்ந்தோ இருக்கும். கண்ணினும் கை இதற்கு உதவும். நாங்கள் தழும்பென்று நினைத்த கருமையும் இதுவே.

பழைய வைத்தியசாலைகளிலும் வீடுகளிலும் றப்பர் வளையத்தை ஊதி அதன்மேல் இருத்தும் வழக்கம் இருந்தது. நடுவில் வெற்றிடம் இருந்தால் புண் மெத்தையில் முட்டாது என்பது எண்ணம். ஆனால் வளையம் சுற்றியுள்ள சதையை நெரித்து உள்ளே செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடும். எங்களுக்கும் ஒன்று வந்திருந்தது. மிஸி அதனைப் பார்த்துவிட்டு, "பிள்ளையளுக்கு நீந்தக் குடுங்கோ" என்றார். கீரிமலைக் கேணியில் அது நெடுநாள் மிதந்தது.

ஒரு பள்ளி அதிபராக எனக்கு நோர்ட்டனின் கணக்கிலே தனியான ஒரு வியப்பு உண்டு. எங்கள் பாடசாலைகளிலே புள்ளி இடுவது, கூடுதலாகப் பெற்றவரை முன்வரிசைக்குக் கொண்டுவருதற்கு. சித்தியெய்தாதவர் பின்வரிசைக்குப் போவர்; சிலர் வீட்டுக்கே போய்விடுவர். ஆசிரியரின் நேரமும் பெற்றோரின் பணமும் உயர்ந்த புள்ளியைத் தேடியே செல்கின்றன. நோர்ட்டனின் தாளிலோ குறைந்த புள்ளிக்காரரே முதல்வர். ஏழு புள்ளி பெற்றவரிடமே தாதி முதலிற் போகவேண்டும். அவரிடமே அடிக்கடி போகவேண்டும். இதை அறிந்தபின் எங்கள் தவணைப் பரீட்சை இடாப்பைப் பழைய கண்ணோடு பார்க்க என்னால் முடியவில்லை. அது வேறு பேச்சு, இன்று வேண்டாம்.

நோர்ட்டன் ஒரு நூலோடு நிற்கவில்லை. நெடுங்காலம் தங்கும் நோயாளருக்கான வைத்தியசாலைகளைப் பற்றி 1967இல் ஒரு நூல் எழுதினார். தாதியர் கையாளும் கருவிகளும் தளபாடங்களும் எவ்வாறு உருவாகின்றன என்பதை ஆராய்ந்து 1970இல் மற்றொன்று எழுதினார். கட்டிலைப் பற்றி அவருக்கிருந்த கவலை சிறியதன்று. வைத்தியசாலைக் கட்டில் உயரமாயிருந்தால் தாதியின் முதுகுக்கு நல்லது. கிழவர் இறங்கமாட்டார், இறங்க முயன்றால் விழுவார். தாழ்ந்திருந்தால் கிழவருக்கு நல்லது. தாதியின் நாரி முறியும். ஏற்றவும் இறக்கவும் கூடிய கட்டில் இருந்தால் இருவருக்கும் நல்லது. அக்காலத்திலே இலண்டன் அரச கலைக்கல்லூரியில் புரூஸ் ஆர்ச்சர் என்பவர் தலைமையில், கிங்ஸ் பண்ட் என்னும் அறநிதியத்தின் பெயரால் ஒரு பொதுமாதிரிக் கட்டில் வகுக்கப்பட்டது. தாதியரின் அனுபவத்தை அவ்வேலைக்குக் கொண்டுசென்றவர் நோர்ட்டன். இன்று பெரிய வைத்தியசாலைகளிலே மிதித்து ஏற்றியிறக்கும் கட்டில்களைக் காண்போர், அவற்றின் பின்னே இத்தகைய முயற்சிகள் இருந்தன என்பதை அறிவதில்லை. பின்னாளில் அவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே, கேஸ் வெஸ்ரேண் றிசேர்வ் பல்கலைக்கழகத்தில், முதியோர் தாதியியற் பேராசிரியராக அமர்ந்தார். கடைப்பட்ட விடுதியின் வேலை ஒரு பல்கலைக்கழகத்தின் பேராசிரியப் பீடமாயிற்று.

அவருடைய அளவுகோலைப் பலர் குறை கூறினர் என்பதையும் சொல்லுதல் முறை. உணவைப் பற்றி அதில் ஒரு கட்டமும் இல்லை. உண்ணாதவரின் தோல் விரைவிற் கெடும் என்பது உண்மையே. 1985இல் இங்கிலாந்திலே ஜூடி வோற்றலோ என்னும் தாதியும், 1987இல் அமெரிக்காவிலே பாபரா பிறேடன், நான்சி பேர்க்ஸ்ற்றம் என்னும் இருவரும் உணவையும் சேர்த்து வேறு அளவுகோல்கள் வகுத்தனர். இப்பொழுது பல நாடுகளில் அவையே வழங்குகின்றன. அளவுகோலை நிரப்புவதனால் மாத்திரம் புண் குறைகின்றதா என்று அண்மைக்கால ஆராய்ச்சியாளர் தேடிப் பார்த்து, அதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்கின்றனர். இதிலே வியப்பில்லை. வரவு இடாப்பு எழுதுவதனால் பிள்ளை கல்வி கற்றுவிடுவதில்லை. ஆயினும் இடாப்பு இல்லாத வகுப்பிலே யார் வரவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியாது.

எங்கள் நாட்டுக்கு வருவோம். மருதனார்மடத்திலிருந்து நடைதூரத்திலே இணுவில். அங்கே அமெரிக்க மிசனார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே பெண்களுக்கென மக்லியோட் வைத்தியசாலையை நிறுவினர். மேற்கே மானிப்பாயிலே, 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன், தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். கிறீனின் பெயரை எங்கள் பிள்ளைகள் அறிவர். அவ்விடங்களிலே இரவு முழுதும் விழித்திருந்து கழுவியும் துடைத்தும் நின்ற தாதியரின் பெயரை நானும் அறியேன், எழுதிவைத்தாரும் அரியர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குச் சற்று மேல். அதன்பின் அத்தொகை மேலும் ஏறியுள்ளது. முதியோர் உரிமைகளைக் காக்கும் சட்டம் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கமாக நிறைவேறியது. கைதடியிலே அரச முதியோர் இல்லம் ஒன்று இருக்கின்றது. இவையெல்லாம் நல்லனவே. ஆயினும் குடாநாட்டின் முதியோரிற் பெரும்பாலார் வாழ்வதும் கிடப்பதும் வீடுகளிலேயே. பிள்ளைகள் கடல்கடந்து போயினர். பெரிய வீட்டிலே ஒரு கிழவியும், அவரைப் பார்ப்பதற்குச் சம்பளத்துக்கு ஒரு பெண்ணும் இருப்பர். அப்பெண்ணுக்கு உலைவைக்கவும் கூட்டவும் தெரியும். திருப்பிக் கிடத்தச் சொல்லிக்கொடுத்தவர் யார்? வெளிநாட்டிலிருந்து காணொளியிற் பார்க்கும் பிள்ளைகள் தாயின் முகத்தையே பார்க்கின்றனர். முகத்திலே புண் வருவதில்லை.

எங்கள் வீட்டிலே நடந்ததைச் சொல்லி முடிக்கின்றேன். முறிந்த எலும்போடு எப்படித் திருப்புவது என்பதே என் அச்சம். முழுதாகப் புரட்ட வேண்டியதில்லை என்றார் மிஸி. கிடப்பவரின் கீழே ஒரு தடித்த விரிப்பை மடித்துப் போட்டு, இருவர் இருபுறமும் அதன் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, இழுக்காமல் தூக்க வேண்டும். இழுத்தால் தோல் உரியும். பின்னர் ஒரு பக்கத்து முதுகின் கீழே தலையணையைச் செருகிச் சற்றே சரித்துவிட்டாற் போதும். வாலெலும்பு மெத்தையை விட்டு விலகிவிடும். குதிக்கால் மெத்தையிற் படாதபடி கெண்டைக்காலின் கீழே ஒரு தலையணை. நோவு மருந்து கொடுத்து அரை மணி நேரம் சென்றபின் திருப்பினால் அலறல் குறையும். இதை ஏன் முன்னரே எவரும் எண்ணவில்லை என்று வெட்கினேன். மணித்தியாலம் இரண்டுக்கு ஒரு முறை திருப்புவதென்று வைத்துக்கொண்டோம். பள்ளிக்கூடத்து நேரசூசியைப் போலவே ஒரு நேரசூசி எழுதிச் சுவரில் ஒட்டினேன்: ஆறு மணி வலம், எட்டு மணி இடம், இப்படியே. கொப்பியிலே திருப்பியவர் தம் பெயரின் முதலெழுத்தை இடவேண்டும். ஒரு நாள் இரவு இரண்டு மணிக் கட்டம் வெறுமையாயிருந்தது; அது என்னுடைய முறை. காலையிலே அந்த வெற்றிடத்தை என் தாயார்தாம் சுட்டிக் காட்டினார். மனநிலைக்கு நான்கு புள்ளி பெற்றவரல்லவா!

சம்பளத்துக்கு வந்த பெண் இரு கிழமையில் எங்களிலும் திறமையாகத் திருப்பப் பழகிவிட்டாள். அவளுடைய கூலியை உயர்த்தினோம். ரொறன்ரோவிலிருந்து வரும் ஓடிக்கொலோனை நிறுத்தி அப்பணத்தை அதற்கே அனுப்பும்படி தமையனாருக்கு எழுதினேன். தமையனார் காற்று மாறி மாறி ஊதும் மெத்தையொன்றையும் வாங்கி அனுப்பினார். உதவிற்று, ஆனால் மின்சாரம் போனால் அதுவும் படுத்துவிடும். அது வந்தபின்னும் கொப்பியை நிறுத்தவில்லை. முட்டையும் மீனும் பருப்பும் நாள்தோறும் கொடுத்தோம். வைத்தியசாலையிலிருந்து சொல்லித்தந்தபடி புண்ணைக் கழுவிக் கட்டினோம். மூடுவதற்கு ஏழு மாதம் சென்றது. பன்னிரண்டு நாளில் உண்டானது ஏழு மாதத்தில் ஆறியது.

மணம் போனபின் பேரப்பிள்ளைகள் மீண்டும் அறைக்குள் வந்தனர். தாயார் மேலும் இரண்டு ஆண்டு இருந்தார், எழுந்து நடக்கவில்லை. வேறு புண்ணும் வரவில்லை. அவர் காலமான அன்று உடலைக் கழுவிய பெண்கள் முதுகைப் பார்த்துவிட்டு, ஒரு சிறு தழும்பைத் தவிர வேறொன்றுமில்லை என்று மிஸியிடம் சொன்னார்கள். அக்கொப்பிகள் ஐந்தும் என் மேசை இலாச்சியில் இருக்கின்றன. ஆறாவது கொப்பியை ஒழுங்கையின் மறுகரையிலுள்ள வீட்டார் கேட்டு வாங்கிச் சென்றனர். அங்கே ஒரு பெரியவர் கடந்த மாதம் விழுந்துவிட்டார். அவருக்குப் புள்ளி பதின்மூன்று.